எண்பது சதவீதம்

ஜனவரி 7, ஞாயிறு

பூசை முடிந்ததும் நேராக மன்சூர் பாயின் டயர் கடைக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசினோம். எங்கள் இரத்தக் கொடையாளர் குழு என்பது நாங்கள் இரண்டு பேர்தான். முப்பத்தோரு வருடம் இரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருந்த நான் பெயர்களை வைத்திருக்கிறேன். ஆளைக் கூட்டிவருவது, கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர். திண்டுக்கல்லைச் சுற்றி ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர், மூன்று நீள நோட்டுகளில். போன் வந்தால் நான் நோட்டைப் புரட்டி, கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆனவர் யார் என்று தேட வேண்டும். கண் முன்போல இல்லை. போன வாரம் 6 என்பதை 8 என்று வாசித்து, வேடசந்தூரில் யாரோ ஒருவரின் தூக்கத்தைக் கெடுத்தேன்.

ஆப் ஒன்று செய்துகொள்வது என்று முடிவாயிற்று. செலவு முழுவதையும் ஒரு மில் முதலாளி ஏற்றுக்கொண்டு, மொத்தமாக முன்பே கொடுத்துவிட்டார். பாய் மதுரையில் ஒரு கம்பெனியை விசாரித்து வைத்திருந்தார். நான்தான் பிராங்க்ளின் பெயரைச் சொன்னேன். என் சிநேகிதி லூர்து மேரியின் மகன், எனக்கு ஞானமகன். கோயிலில் அவனுக்கு ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றும்போது ஏந்தி நின்றவள் நான். கோயம்புத்தூரில் சொந்தமாகச் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்துகிறான்.

"உங்களுக்கு நம்பிக்கைன்னா எனக்கும் நம்பிக்கைதான்க்கா" என்றார் பாய்.

ஜனவரி 21

பிராங்க்ளின் வந்தான். மீன் குழம்பு வைத்தேன். இளைத்திருக்கிறான். நான் சொல்வதையெல்லாம் லேப்டாப்பில் குறித்துக்கொண்டான். குரூப்பையும் ஊரையும் போட்டால் பெயர்கள் வரவேண்டும், மூன்று மாதம் முடியாதவர்கள் பெயர் மங்கலாகத் தெரியவேண்டும், கூப்பிடக் கூடாதவர்கள் வரவே கூடாது. "இவ்வளவுதானா அத்தை, பெரிய வியாழனுக்குள்ள முடிச்சிரலாம்" என்றான்.

பெயர்களை ஏற்ற நோட்டுகள் வேண்டுமாம். மூன்றாவது நோட்டு மெலிசானது, நெகட்டிவ் குரூப் முழுவதும் அதில்தான். ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: இவர் நைட் ஷிப்ட், மதியத்துக்கு மேல் கூப்பிடவும். இவர் வீட்டில் மனைவி எடுப்பார், பொறுமையாகப் பேசவும். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனோம். பரீட்சைப் பிள்ளைகள் கூட்டம், நடுவில் கரண்டும் போய்விட்டது. அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று. போனதும் படம் பிடித்து அனுப்பிவிடுவதாகச் சொன்னான். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியால் மூன்றையும் சேர்த்துக் கட்டி, மில் முதலாளி தந்த பணத்தோடு கொடுத்தேன்.

மாடிக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பருக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 4

மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறான். ஆப் இப்படித்தான் இருக்குமாம். எவ்வளவு அழகு! சிவப்புத் துளி ஒன்று, கீழே குழுவின் பெயர், குரூப்புகள் வட்டம் வட்டமாக. கடைக்குக் கொண்டுபோய் பாயிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

கிளம்பும்போது, நோட்டு மூன்றும் அவனிடம் இருக்கிறதே, ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். தலையாட்டினேன்.

தண்ணீர் ஒன்பது நாள் கழித்து வந்தது. தொட்டியைக் கழுவி நிரப்பினேன்.

பிப்ரவரி 26

"எண்பது சதவீதம் முடிஞ்சிருச்சு அத்தை." இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. மீட்டிங்காம். நோட்டின் படங்களைக் கேட்க மறந்துபோனேன்.

மார்ச் 11

இன்றோடு ஐந்து நாள். வாட்ஸப்பில் பார்த்ததற்கான நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. வேலையில் முழுகியிருப்பான். தொந்தரவு செய்யக் கூடாது.

மார்ச் 19

தன்ஷிகாவுக்கு இரத்தம் ஏற்றினார்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தாலசீமியா. அவள் உடம்பு போதிய இரத்தத்தைத் தானாக உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் வெளியிலிருந்து போயாக வேண்டும். அதுவும் பி நெகட்டிவ், இல்லையென்றால் ஓ நெகட்டிவ். அப்பா பால்பாண்டி பூ மார்க்கெட்டில் லோடு வேன் ஓட்டுகிறார். நாலு வருடமாக அவள் முறை தவறியதில்லை. நோட்டில் நாற்பத்தோரு பேரைச் சுழற்சியாக வைத்து ஓட்டி வந்தேன்.

பிப்ரவரியில் இரண்டு முறைக்கும் நோட்டைக் கொடுக்கும் முன்பே ஆள் சொல்லி வைத்திருந்தேன். இந்த முறை என் போனில் இருந்த எண்களிலிருந்து வத்தலக்குண்டு ஸ்டீபனைக் கூப்பிட்டேன். வந்து கொடுத்தார். போனில் இருப்பதும் ஞாபகத்தில் இருப்பதும் சேர்த்து ஆறு பேர் தேறுகிறார்கள்.

தன்ஷிகா ஊசி குத்தும்போது அழுவதில்லை. எந்தக் கையில் போன தடவை குத்தினார்கள் என்று அவளே சொல்கிறாள்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் போனேன். முழங்கால் வலி. லூர்து மேரி பக்கத்தில் இருந்தாள். பிராங்க்ளின் வரவில்லையா என்று கேட்டேன், லீவு கிடைக்கவில்லை என்றாள். சொந்த ஆபீஸுக்கு யாரிடம் லீவு கேட்பது என்று ஒரு கணம் தோன்றியது. அவள் ஜெபத்தில் இருந்தாள், நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 10

அவனே கூப்பிட்டான். சர்வர் மாற்றினார்களாம். டிசைன் செய்யும் பெண் நின்றுவிட்டாளாம். எவ்வளவு முடிந்திருக்கிறது என்றேன். எண்பது சதவீதம் என்றான்.

பிப்ரவரியிலும் எண்பது. இந்த நாட்குறிப்பிலேயே எழுதியிருக்கிறேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவனை நம்பாதது போல ஆகிவிடும்.

பாய்க்கு அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24

அடுத்த வாரம் என்றேன்.

மே 5, ஞாயிறு

மில்லில் இரத்ததான முகாம். எழுபத்திரண்டு பேர் கொடுத்தார்கள். பாய் மைக்கைப் பிடித்து, இனி யாரும் அலைய வேண்டாம், எல்லாம் கைபேசியிலேயே வந்துவிடும், இன்னும் பத்தே நாள் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பாய் என்னைப் பார்த்தார். நானும் தட்டினேன்.

புதுப் பெயர்களைப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வந்தேன். எழுபத்திரண்டில் ஒரே ஒரு நெகட்டிவ். அதுவும் ஏ.

மே 14

லிங்க் வந்தது! காப்பியை அப்படியே வைத்துவிட்டுத் திறந்தேன். சிவப்புத் துளி வந்தது. பி நெகட்டிவ், திண்டுக்கல் என்று போட்டேன். ஐந்து பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் பெயர் ரமேஷ்குமார். என் நோட்டில் பி நெகட்டிவில் ரமேஷ்குமார் கிடையாது. புதிதாக யாரோ என்று கூப்பிட்டேன். அப்படி ஒரு எண் உபயோகத்தில் இல்லை என்றது. இரண்டாவது பெயர் 'டெஸ்ட்'. மூன்றாவதும் 'டெஸ்ட்'. வேடசந்தூர் என்று மாற்றிப் போட்டேன். அதே ஐந்து பேர். ஓ பாசிட்டிவ் என்று போட்டேன். அதே ஐந்து பேர்.

அவனுக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அது வெறும் மாதிரி அத்தை, உண்மையான பெயர்களை ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று மாலையில் ஒரு செய்தி. ஒரு கை கூப்பும் படம்.

ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறான். நோட்டுகளைத் திறந்து வேலை நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

பாயிடம், டிரயல் வந்துவிட்டது, பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

மே 21

தன்ஷிகாவுக்கு நத்தத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் வந்து கொடுத்தார். நல்லவேளை.

ஜூன் 3

பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது என்று தன்ஷிகா புதுப் பையோடு படம் அனுப்பியிருக்கிறாள். பால்பாண்டி பதினொன்றாம் தேதியை ஞாபகப்படுத்தினார். ஏற்பாடு ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன்.

ஆறு பேரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு பேருக்கு மூன்று மாதம் முடியவில்லை. ஒருவர் துபாய் போய்விட்டார். ஒருவருக்கு டைபாய்டு.

ஜூன் 8

ஆப் வேண்டாம், மூன்றாவது நோட்டை மட்டும் படம் பிடித்து அனுப்பு, பத்துப் பக்கம்தான் என்று பிராங்க்ளினுக்கு எழுதினேன். ஒரு குழந்தை இருக்கிறாள் என்றும் எழுதினேன். நீலக் குறி விழுந்தது.

ஜூன் 10

"கண்டிப்பா அத்தை, இன்னைக்கு சாயங்காலம்." அவ்வளவுதான் அவன் செய்தி.

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன். சாயங்காலம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 11

வரவில்லை.

பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "நோட்டப் பாத்தீங்களாக்கா? ஒருத்தர்கூடவா இல்ல?" என்று கேட்டார். பார்த்துவிட்டதாகவும் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டதாகவும் சொன்னேன். சிலர் ஊரில் இல்லை, சிலருக்கு உடம்பு சரியில்லை என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டும் வரை கதவருகில் நின்றுகொண்டிருந்தேன்.

பால்பாண்டிக்கு நாளைக்குள் ஆகிவிடும் என்று சொன்னேன்.

ஜூன் 13

நாளைக்குள் என்றேன்.

ஜூன் 14

பிராங்க்ளினுக்கு இருபத்திரண்டு முறை போன்.

ஜூன் 15

தன்ஷிகாவை வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. போய்ப் பார்த்தேன். உதடு வெளுத்துப்போய், மூச்சுவிடும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வருகிறது. எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் இந்த எண்ணைக் கையால் எழுதியிருக்கிறேன். முகத்தில் பார்த்ததில்லை.

இந்தக் கையில் குத்தச் சொல்லுங்கள் என்று இடது கையைக் காட்டினாள். பால்பாண்டி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் உட்கார ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

ஜூன் 17

ஸ்டீபனுக்கு இன்றோடு தொண்ணூறு நாள், மூன்று மாதக் கணக்கு. காலை ஏழு மணிக்கே பஸ்ஸில் வந்துவிட்டார். பரிசோதனையில் அவருக்கே ஹீமோகுளோபின் குறைவு. எடுக்க மறுத்துவிட்டார்கள். நானாக இருந்தாலும் மறுத்திருப்பேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜூன் 20

பாய் பிடித்துவிட்டார். மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு, பள்ளிவாசல், ஆட்டோ ஸ்டாண்டு, காலேஜ் என்று அலைந்திருக்கிறார். பழனியில் வேலை பார்க்கும் ஒரு போலீஸ்காரப் பெண். பி நெகட்டிவ். டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். மாலை ஐந்து மணிக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். ஒன்பது நாள் தாமதம்.

பாய் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். சட்டை முதுகெல்லாம் உப்பு பூத்திருந்தது.

ஜூன் 22, சனி

முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர். சரவணம்பட்டியில் அவன் கொடுத்த விலாசத்தைக் கண்டுபிடித்து மாடிக்கு ஏறினால் கதவில் வேறு பெயர், உள்ளே டியூஷன் சென்டர். கீழே ஜூஸ் கடைக்காரரிடம் விசாரித்தேன். அந்தத் தம்பி மாசி மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாரே என்றார்.

லூர்து மேரிக்குப் போன் செய்தேன். பிப்ரவரியிலேயே பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், அவன் தொழில் சரியாகப் போகவில்லை, உன்னிடம் சொல்லவில்லையா என்று அவள் ஆச்சரியப்பட்டாள். அறை விலாசத்தையும் சொன்னாள்.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றான். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நானே போய் உட்கார்ந்தேன்.

"நோட்டு எங்கப்பா?"

"இருக்கு அத்தை. பத்திரமா இருக்கு."

நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து எடுத்தான். காஸ் துணி. நான் போட்ட முடிச்சு. எங்கள் லேபில் சாம்பிள் பெட்டியைக் கட்டும் முடிச்சு அது, வேறு யாருக்கும் அப்படிப் போட வராது.

"பிரிக்கவே இல்லையா?"

அவன் நாற்காலியைத் திரும்ப அதன் இடத்தில் போட்டான்.

"படம் அனுப்புனியே?"

"அது வெறும் படம்தான் அத்தை. அதுக்குப் பின்னால ஒண்ணும் கிடையாது. லிங்க்கும் அப்படித்தான், ஒரு மணி நேரத்துல பண்ணது."

"எண்பது சதவீதம்னு சொன்னியே. எதுல எண்பது?"

"நீங்க கேக்கும்போது ஏதாவது ஒரு நம்பர் சொல்லணும்ல" என்றான். பிறகு, "ரெண்டு பேரு வேலைய விட்டுப் போயிட்டாங்க. என்னால ஆபீஸ நடத்த முடியல. ஒவ்வொரு தடவயும் உங்க பேரு போன்ல வரும்போது, அடுத்த வாரம் ராத்திரி உக்காந்து முடிச்சிட்டுப் பேசிக்கலாம்னு இருந்துருவேன். நீங்க மத்தவங்க மாதிரி இல்லல்ல. உங்ககிட்டப் போய் முடியலன்னு எப்பிடிச் சொல்றது?" என்றான்.

அவனிடம் தன்ஷிகாவின் ஐந்து புள்ளி எட்டைச் சொன்னேன். ஜூன் 8ஆம் தேதி செய்தியைப் படித்தாயா என்றேன். படித்தேன் என்றான். நோட்டு இந்த அறையில்தானே இருந்தது என்றேன். ஆமாம் என்றான். எடுக்கப் போனானாம், பிரித்தால் இத்தனை நாள் பிரிக்கவில்லை என்பது தனக்கே தெரிந்துவிடும் என்று இருந்ததாம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டானாம். அழுதான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். சின்னப் பிள்ளையாக அவன் காய்ச்சலில் கிடந்தபோது இதே முகத்தைத் துடைத்துவிட்டிருக்கிறேன். இன்று கை எழவில்லை.

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே பஸ் ஏறி வந்து தூக்கிட்டுப் போயிருப்பேனேப்பா" என்றேன். நோட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும்போது பல்லடம் தாண்டி மழை. நோட்டுகளை மடியில் வைத்துச் சேலையால் மூடிக்கொண்டேன்.

ஜூன் 23

பூசைக்குப் போகவில்லை. முடிச்சை அவிழ்த்து மூன்றாவது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பி நெகட்டிவ் நாற்பத்தோரு பேரையும் தேதியோடு பார்த்தேன். தூரத்து ஊர்க்காரர்களையும் கூப்பிடக் கூடாதவர்களையும் கழித்த பிறகும், ஜூன் 11 அன்று கொடுக்கத் தகுதியாக இருந்தவர்கள் பதினேழு பேர். அதில் மூன்று பேர் திண்டுக்கல் டவுனுக்குள்ளேயே இருப்பவர்கள். ஒருவர் வீடு மருத்துவமனைக்குப் பின்தெரு.

அவருக்குக் கூப்பிட்டு, சும்மா, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறேன் மேடம், இந்த வருடம் கூப்பிடவே இல்லையே என்றார்.

ஜூன் 24

பாயிடம் சொல்லப் போனேன். கடையில் கூட்டம். திரும்பிவிட்டேன்.

ஜூன் 25

சொல்லிவிட்டேன்.

ஜெராக்ஸ் எடுக்கவே இல்லை என்பதையும், நோட்டைப் பார்த்ததாகச் சொன்ன அன்று என்னிடம் நோட்டே இல்லை என்பதையும், அந்தப் பதினேழு பேரையும் சொன்னேன். அவர் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிக்கும் வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"அந்தப் பய ஏமாத்துனான், சரி. அவன் எனக்கு யாரோ. நான் மூணு நாளு ரோட்டுல போறவங்கள எல்லாம் நிறுத்தி நிறுத்தி நீங்க என்ன குரூப்புன்னு கேட்டேன்க்கா. ஒரு பொம்பள என்னய அடிக்க வந்துச்சு. அப்பவும் நீங்க வீட்டுல நோட்டோட இருக்கீங்கன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

முகாமில் மைக்கைப் பிடித்து அறிவித்தவர் அவர். அதையும் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டியூபைத் துடைத்துத் தொங்கவிட்டார். கொஞ்ச நாள் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார்.

ஜூன் 30

மிக்ஸி வந்தது. இன்னும் அதே சத்தம்.

மூன்று நோட்டையும் ஜெராக்ஸ் எடுத்தேன். இரண்டு பிரதி. ஒன்றைப் பாயின் கடையில் வேலை செய்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 9

பதினொன்றாம் தேதி தன்ஷிகாவின் முறை. பின்தெருக்காரர் தயாராக இருக்கிறார். பால்பாண்டியிடமிருந்து போன் வரவில்லை. வழக்கமாக ஒரு வாரம் முன்பே கூப்பிடுவார். நான் கூப்பிட்டேன். வண்டியில் இருக்கிறேன் மேடம் என்றார்.

வார்டு நர்ஸிடம் கேட்டேன். மதுரையில் வேறு ஒரு குழுவிடம் பதிந்துவிட்டார்களாம். நேற்றே அங்கே ஏற்றியாகிவிட்டதாம்.

ஜூலை 10

பூ மார்க்கெட்டுக்குப் போனேன். பால்பாண்டி மல்லிகை மூட்டைகளை இறக்கிவிட்டு, வேனின் பின்பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார், எனக்கும் ஒரு டீ சொன்னார். தன்ஷிகா பள்ளிக்கூடம் போகிறாளாம். நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிராங்க்ளினைப் பற்றி ஒரு வாக்கியம்தான் சொன்னேன். வழியெல்லாம் அவனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல மேடம்" என்றார். "எனக்கு இந்த மார்க்கெட்டுல இருநூறு பேரத் தெரியும். என் மச்சான் மதுரையில ஆஸ்பத்திரியிலதான் வேலை பாக்குறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அலைஞ்சிருப்போம். நீங்க ஆகிரும்னு சொன்னீங்க. அதனால வீட்டுல உக்காந்திருந்தோம். அது மூச்சு வாங்குறதப் பாத்துக்கிட்டு, மேடம் சொல்லியிருக்காங்கல்ல, மேடம் சொல்லியிருக்காங்கல்லன்னு உக்காந்திருந்தோம்."

டீயைக் குடித்து முடித்தேன். மதுரைக் குழுவே நல்லது, விட்டுவிடாதீர்கள் என்றேன். சரி மேடம் என்றார். கிளம்பும்போது பக்கத்துக் கடையில் எனக்கு இரண்டு முழம் பூ கட்டித் தரச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாங்கிக்கொள்ளும்படி மறுபடி சொல்லவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

லூர்து மேரி பூசையில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். பிராங்க்ளினிடமிருந்து நீளமான செய்தி. இந்த முறை நிஜமாகவே செய்து தருகிறானாம், ஒரு மாதத்தில். படித்தேன். நான் படித்துவிட்டேன் என்று நீலக் குறி அவனுக்குக் காட்டியிருக்கும்.

'வேண்டாம் பிராங்க்ளின்' என்று பதில் எழுதினேன். அவனைப் போலப் பதில் போடாமல் விட்டுவிட எனக்கு மனமில்லை.

ஜூலை 21

பி நெகட்டிவ், ஓ நெகட்டிவ் எல்லோரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டு, தேதிகளைச் சரிபார்த்து முடித்தேன். ஆறு பேர் எண் மாறிவிட்டது. ஒருவர் இறந்துவிட்டார், மார்ச்சிலேயே. அவர் மகள்தான் எடுத்தாள். தன் குரூப்பும் அதுதான் என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

ஆகஸ்ட் 2

காலை பதினொன்றேகாலுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மனைவிக்குப் பிரசவம், ஆபரேஷன் மாலை ஆறு மணிக்கு, ஏபி நெகட்டிவ்தான் வேண்டும், வேறு குரூப் கூடாது என்கிறார்கள் என்றார். நோட்டில் ஏபி நெகட்டிவ் ஒன்பதே பேர். அதில் தகுதியானவர்கள் இரண்டு பேர். அவரை லைனில் வைத்துக்கொண்டே இன்னொரு போனில் இருவரையும் கூப்பிட்டேன். ஒருவர் சென்னையில். இன்னொருவர் எடுக்கவில்லை.

"கெடச்சிருமா மேடம்? நம்பி இருக்கலாமா?"

நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், ஆகிவிடும்.

"இருக்காதீங்க சார். இப்ப என்கிட்ட ஆள் இல்ல. நீங்க இப்பவே வேற எடத்துலயும் தேடுங்க. வேற நெகட்டிவ் எதுவும் சேருமான்னு டாக்டர மறுபடி கேளுங்க, சேரும்னா எனக்கும் சொல்லுங்க. நானும் தேடுறேன். சரியா ரெண்டு மணிக்குக் கூப்பிட்டு உண்டு, இல்லைன்னு சொல்றேன்."

அவர் யாரிடமோ திரும்பி, வண்டிய எடு, இவங்ககிட்ட இல்லையாம் என்று சொன்னது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

பாயைக் கூப்பிட்டேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ஏபி நெகட்டிவ், ஒட்டன்சத்திரம், நோட்டில் ஆள் இல்லை என்றேன்.

"நோட்டுல இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். பாத்துட்டேன்."

தன்னிடம் இருக்கும் பிரதியை அவர் புரட்டும் ஓசை கேட்டது. அவரே ஒருமுறை பார்த்தார். பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆமா, இல்ல" என்றார். "காலேஜுல கேட்டுப் பாக்குறேன்."

இரண்டு மணி வரை இருவரும் தேடினோம். கிடைக்கவில்லை. சரியாக இரண்டு மணிக்கு ஒட்டன்சத்திரத்துக்குக் கூப்பிட்டு, இல்லை என்று சொன்னேன். அவர்கள் அதற்குள் திருப்பூரில் ஓ நெகட்டிவ் ஒருவரைப் பிடித்து, காரில் கூட்டி வந்துகொண்டிருந்தார்கள். மறுபடி கேட்டதில், அது போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க இல்லைன்னதும் ஓடிட்டோம் மேடம்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.